வடக்கே கொஞ்சம்

1991ஆம் வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த ஒரு ஜப்பான் கார், மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்து ஒன்றில், 1998 வரைக்கும் பூஜையிலேயே இருந்தது. அதன் சக்கரங்களுக்கு அடியில் வைத்த நான்கு எலுமிச்சம்பழங்களும் அத்தனை வருஷமும் வாடவில்லை. கண்ணாடியில் சாத்திய மல்லிகைச் சரத்தில் ஒரு மொட்டுகூடப் பழுக்கவில்லை. முன்னால் தட்டில் வாழைப்பழத்தில் செருகிய ஊதுபத்தி பாதி எரிந்த நிலையில் புகைந்துகொண்டே இருந்தது. சாம்பலும் உதிரவில்லை, குச்சியும் குறையவில்லை. அதே காலத்தில் வெளியே எலுமிச்சம்பழம் விலை இரண்டு மடங்கானது, மல்லிகை முழம் மூன்று மடங்கானது, ஊரே மெட்ராஸ் என்ற பெயரை விட்டுச் சென்னை ஆனது. ஷெட்டுக்குள் மட்டும் மெட்ராஸ்தான்.

கார் ஹம்சாவுடையது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் பல பேருக்கு இது அடிக்கடி மறந்துபோனது. ஹம்சா வீணை டீச்சர். அடையாறில் குடியிருந்த ஜப்பான்கார என்ஜினியர் ஒருவரின் மனைவிக்கு நாலு வருஷம் வீணை சொல்லிக்கொடுத்தாள். ஊருக்குக் கிளம்பும்போது அந்த அம்மாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு ஒரு கார் சாவியை வைத்து, குருதட்சிணை என்று சொல்லி விழுந்து நமஸ்காரம் பண்ணினாள். மாஸ்தா காஸ்மோ என்று பெயர் அந்தக் காருக்கு. மாடல் இருபது வருஷத்துக்கு மேல் பழசு, ஆனால் என்ஜினியர் அதிகம் ஓட்டாமல் பொத்தி வைத்திருந்ததால் புத்தம் புதுசாக இருந்தது. வெள்ளை நிறம், தரையோடு ஒட்டிய உடம்பு, இரண்டே ஸீட். என்ஜினில் பிஸ்டன் கிடையாது, முக்கோணமாக இரண்டு இரும்புகள் சுற்றும், அவ்வளவுதான். ராயப்பேட்டை மெக்கானிக் ஹபீபுர் ரஹ்மான் பானெட்டைத் திறந்து பார்த்தார், மூடினார், போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி திறந்து பார்த்தார். ஹம்சா இதற்காகவே மந்தைவெளியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து அம்பாசடரில் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். தன் காரைத் தன் கையால் ஓட்டிக்கொண்டு கடற்கரை ரோட்டில் ஒரு நடை போய்வர வேண்டும், வேறு ஆசை இல்லை. என்ஜினியர் வீட்டு டிரைவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது ஆயுத பூஜைக்கு முதல் நாள். நாளைக்குப் பூஜை, மறுநாள் புனர் பூஜை முடிந்ததும் எடுத்துக்கொள் என்றார்கள். நியாயம்தானே என்று அவளும் சரி என்றாள்.

பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில் புனர் பூஜை செய்து, பாலோ பழமோ நைவேத்தியம் பண்ணி, வடக்கே கொஞ்சம் நகர்த்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது மயிலாப்பூர் வழக்கம். புத்தகமானாலும் சரி, அரிவாள்மணையானாலும் சரி. இதில் சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்த வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் இருந்தது. ஹம்சாவின் கணவன் சாய்நாத், பாங்க் ஆபீசர், அப்பா காலத்து வாக்கியப் பஞ்சாங்கத்தை விடமாட்டான். அவனுடைய அண்ணா அச்யுத், காலேஜில் பௌதிக வாத்தியார், திருக்கணிதத்தைத் தவிர மற்றதெல்லாம் குருட்டுக் கணக்கு என்பவர். ஒரே அடுப்பு, ஒரே தளிகை, பண்டிகை மட்டும் சில வருஷம் இரண்டு தடவை வரும். அந்த வருஷம் விஜயதசமி வாக்கியத்தில் வியாழன், திருக்கணிதத்தில் வெள்ளி. வியாழக்கிழமை சாய்நாத் மணியைக் கையில் எடுத்தபோது அச்யுத் குறுக்கே வந்து நின்றார்.

"நவமி இன்னும் முடியலைடா. ஆகாசத்துல சந்திரன் எங்க இருக்குன்னு பாத்துட்டு அப்புறமா மணியை ஆட்டு."

வெள்ளிக்கிழமை அச்யுத் பால் செம்போடு வந்தபோது சாய்நாத் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஏகாதசியன்னிக்கு எவனாவது புனர் பூஜை பண்ணுவானா என்று கேட்டான். ஆக, இரண்டு நாளும் நடக்கவில்லை. ஹம்சா தன் வீணையை மட்டும் வியாழன் விடியற்காலையிலேயே தானே ஒரு கிண்ணம் பாலை வைத்து எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அதை யாரும் கேட்கவில்லை. கார் பெரிய விஷயம், ஆம்பிளைகள் கலந்து பேசித்தானே முடிவெடுக்க வேண்டும்!

தீபாவளி வந்தபோதுதான் ஊதுபத்தி இன்னும் புகைவதைக் கவனித்தார்கள். பூஜையன்று பானெட்டில் ஏறிப் படுத்த பூனைக்குட்டி ஒன்று, பொங்கலுக்கும் குட்டியாகவே இருந்தது. பூஜை முடியவில்லை, ஆகவே அந்த நாளும் முடியவில்லை என்று அச்யுத் பௌதிக ரீதியாக விளக்கினார். சாய்நாத்தும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னான், ஆனால் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சந்தில் யாருக்கும் பெரிதாக ஆச்சரியம் வந்ததாகத் தெரியவில்லை. ஊதுபத்தி நல்ல ஊதுபத்தி, தெருவே மணந்தது, கொசு குறைந்தது.

இதன் பலனை முதலில் கண்டுபிடித்தவள் முத்தம்மா. நொச்சிக்குப்பத்திலிருந்து மீன்கூடையோடு வந்து சந்தில் உட்கார்ந்து விற்பவள். ஷெட் சுவரை ஒட்டிக் கூடையை வைத்தால் காலையில் பிடித்த மீன் சாயங்காலமும் கண் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள். பூஜை சுவரைத் தாண்டி ஒரு கை அகலம் கசிந்திருந்தது. ஐஸ்கட்டிச் செலவு மிச்சம். மீன்கூடை வீட்டுச் சுவரோரம் உட்காருவதா என்று அச்யுத் கொதித்துப் போய் வெளியே வந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். புது மீனுக்கு வாடையே கிடையாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. திரும்பி உள்ளே போய்விட்டார். ஹம்சாவுக்கும் முத்தம்மாவுக்கும் அங்கேதான் சிநேகம் ஏற்பட்டது.

அடுத்த வருஷம் இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போயின. ஹம்சா பாலைக் காய்ச்சி ஆறவைத்து, சாவியைத் துடைத்துத் தயாராக இருந்தாள். ஆனால் சரியாக ஒரு வாரம் முன்னால் கஸ்தூரிரங்கன் வந்து சேர்ந்தார். தி. நகரில் பனகல் பார்க் பக்கம் பழைய கார் வாங்கி விற்கும் தரகர். நெற்றியில் மெல்லிய திருமண் கோடு, கக்கத்தில் வெளிநாட்டுக் கார் பத்திரிகைகள். ஷெட்டுக்குள் நுழைந்தவர் காருக்குள் தலையை நீட்டி மூச்சை இழுத்தார். அப்புறம் செருப்பைக் கழற்றினார். இந்த ஜாதிக் காரை ஆயிரத்து இருநூறுகூட முழுசாகச் செய்யவில்லை என்று அவர் சொன்னார். பாதிக்கு மேல் ஜப்பான் பனியில் துருப்பிடித்துப் போயிற்று. அங்கே பழைய வண்டியை வைத்திருப்பதே பெரிய செலவு என்பதால் நல்லதையும் உடைத்து இரும்புக்குப் போட்டார்கள். மிச்சம் இருப்பதில் பெயிண்ட் புதுசு, ஸீட் துணி புதுசு, டயர் புதுசு. ஆனால் தொழிற்சாலை ரப்பர் வாசனை அப்படியே இருக்கிற கார், நாளுக்கு நாள் பழசாகாமல் நிற்கிற கார், பூமியில் இது ஒன்றுதான். விலையைச் சொன்னார். அந்தச் சந்தில் மூன்று வீடு வாங்கலாம்.

"மாமி, இதைத் தொடவே தொடாதீங்கோ. ஒரு கிலோமீட்டர் ஓடினா ஒரு சுவர் விழுந்த மாதிரி."

அன்றைக்கு சாய்நாத்தும் அச்யுத்தும் பல வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். புனர் பூஜை வேண்டாம். ஹம்சா காய்ச்சிய பாலைப் பூனைக்குட்டிக்கு ஊற்றினாள். அது குடித்தது, வளரவில்லை.

பிறகு வந்த வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜப்பானில் பணப்புழக்கம் வற்றி, உலகத்தில் இருந்த பழைய கார்களின் விலையெல்லாம் படுத்துவிட்டது என்று கஸ்தூரிரங்கன் சொன்னார். நம்முடையது மட்டும் படுக்கவில்லை, அதற்குத்தான் நாளே நகரவில்லையே என்றார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து புது விலையைச் சொல்லி, காபி சாப்பிட்டுவிட்டுப் போவார். மூன்று வீடு நாலாயிற்று. வீட்டார் ஷெட் பக்கம் மெதுவாக நடக்கப் பழகினார்கள். சாய்நாத் பூட்டு மாட்டினான், அச்யுத் இரண்டாவது பூட்டு மாட்டினார். சாவிக்கொத்தை மட்டும் ஹம்சாவிடம் விட்டார்கள், விளக்கேற்ற யாராவது வேண்டும் அல்லவா? மயிலாப்பூரிலேயே விலையுயர்ந்த காருக்குச் சொந்தக்காரி ஆழ்வார்பேட்டைக்கும் அடையாறுக்கும் வீணை சொல்லிக்கொடுக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள்.

"இன்னாம்மா, வூட்ல வண்டிய வச்சிக்கினு பஸ்ல தொங்கிக்கினு போறே?" என்பாள் முத்தம்மா.

"என்ன பண்றது முத்தம்மா, விலை ஜாஸ்தியாயிடுத்து."

"வெல ஏறுனா துன்ன மாட்டாங்களா? வஞ்சிரம் கூடத்தான் வெல."

ஹம்சாவுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு டிரைவர் ஸீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். கியரைத் தொடமாட்டாள், ஸ்டீயரிங்கில் கைவைத்துக்கொண்டு கண்ணை மூடினால் சாந்தோம் வரும், லைட் ஹவுஸ் வரும், காற்று வரும். அந்த நேரமெல்லாம் அவளுக்கு வயதில் சேரவில்லை. ஓரகத்தி ஸ்ரீரஞ்சனிக்கு முன்நெற்றி நரைத்தபோது ஹம்சாவுக்கு ஒரு முடிகூட வெளுக்கவில்லை. என்ன எண்ணெய் தடவுகிறாய் என்று ஸ்ரீரஞ்சனி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். ஆனால் வயது கூடாமல் இருப்பதும் ஓட்டாமல் இருப்பதும் ஒன்றுதான் என்று ஹம்சாவுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

1998இல் கஸ்தூரிரங்கன் ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒசாகாவிலிருந்து ஒகாமோட்டோ என்ற பெரியவர். பழைய ஜப்பான் கார்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர், கார்களுக்கென்றே குளிர்சாதனம் போட்ட கிடங்கு வைத்திருப்பவர். ஷெட்டுக்குள் வந்து மண்டியிட்டு டயரை மோந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் தளும்பியது. விலையில் பேரமே பேசவில்லை. நிபந்தனை ஒன்றுதான் வைத்தார்: எலுமிச்சம்பழம், மல்லிகை, புகை, பூனை, எல்லாம் உள்ளது உள்ளபடி வேண்டும். அங்கேதான் இடித்தது. காரை உருட்டினால் பழம் நசுங்கும், நசுங்கினால் பூஜை முடியும், முடிந்தால் கார் பத்தோடு பதினொன்று. விலை நிற்க வேண்டுமானால் கார் நகரக்கூடாது. விற்க வேண்டுமானால் நகர வேண்டும். அச்யுத் இதைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தார். கடைசியில் கஸ்தூரிரங்கன் ஒரு வழி சொன்னார். ராட்சத கிரேன் ஒன்றைக் கொண்டுவந்து, ஷெட் கூரையைப் பிரித்து, தரையைச் சுற்றி அறுத்து, தரையோடு காரைத் தூக்கிக் கப்பலில் வைத்துவிடலாம். அதற்கு நல்ல நாள் பார்த்தார்கள். இரண்டு பஞ்சாங்கமும் ஒரே நாளைக் காட்டின: விஜயதசமி. அன்று காலையில் ஹம்சா கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அண்ணன் தம்பி இருவரும் அடையாறில் ஆளுக்கொரு ஃப்ளாட் பார்த்து வைத்துவிட்டார்கள். இனிமேல் அவரவர் பஞ்சாங்கம் அவரவர் வீட்டில்.

சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் ஒகாமோட்டோ சுண்டல் சாப்பிட வந்தார். ஹம்சா தன் மாணவியிடம் கற்ற நாலு ஜப்பானிய வார்த்தையையும் தன் இங்கிலீஷையும் கலந்து அவரோடு பேசினாள். அவர் சுண்டலைத் தொன்னையோடு கையில் வைத்துக்கொண்டு, ஒரு விஷயம் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இந்த வண்டி ஓடும்போது எப்படி இருக்கும்? ஹம்சா தெரியாது என்றாள். ஏழு வருஷமாக வைத்திருக்கிறீர்களே என்றார். நீங்கள் இவ்வளவு கார் வைத்திருக்கிறீர்களே, உங்களுக்குத் தெரியாதா என்றாள் அவள். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். கிடங்கில் இருக்கும் ஒன்றைக்கூட அவர் ஓட்டியதில்லை; ஓட்டினால் விலை போய்விடும். காஸ்மோ புதிதாக வந்த காலத்தில் தன் தெருமுனையில் ஒன்று திரும்பிப் போனதாகவும், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருப்பதாகவும் சொன்னார். ஹம்சாவுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அதைவிடத் தன்மேல் பாவமாக இருந்தது. அப்புறம், எதற்கு இப்படி இரண்டு பேரும் பாவமாக இருக்க வேண்டும் என்று கோபம் வந்தது. கோபம் வந்ததும் மனசு லேசாகிவிட்டது.

விஜயதசமி காலையில் கிரேன் வந்தது. சந்தின் மேற்கு வாயில் நுழைந்து, இரண்டு பக்கத்து மாடி கைப்பிடிச் சுவர்களுக்கும் நடுவில் போத்தல் கழுத்தில் தக்கை மாதிரி மாட்டிக்கொண்டது. வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் அங்கே ஓடினார்கள். முன்னால் வா, பின்னால் போ என்று சாய்நாத் ஒரு பக்கம், அச்யுத் ஒரு பக்கம். ஹம்சா கூடத்தில் வீணைக்குப் புனர் பூஜை செய்தாள். பாலை நைவேத்தியம் பண்ணி, கற்பூரம் காட்டி, வீணையை வடக்கே கொஞ்சம் நகர்த்தினாள். செம்பில் பாதிப் பால் மிச்சம் இருந்தது. செம்பையும் கற்பூரத் தட்டையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். கதவை விரியத் திறந்தாள். ஷெட் வடக்குப் பார்த்தது.

ஒகாமோட்டோ வாசலில் கோட் சூட்டோடு காத்துக்கொண்டிருந்தார். அவள் மணியை ஆட்டிக் கற்பூரம் காட்டியபோது என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நாலு வீட்டு விலை அவர் முகத்தில் ஒரு தடவை வந்து போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் முத்தம்மா எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள். ஹம்சாவுக்கு அப்போதுதான் மீன்கூடை ஞாபகம் வந்தது. கை அப்படியே நின்றது.

"முத்தம்மா, நான் இதை எடுத்தா உன் மீன்..."

"மீனு கெடக்குது, ஐஸு வாங்கிக்கிறேன். நீ எட்த்துக்கினு போம்மா!"

ஹம்சா டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். முந்தின நாள் ஓடிய வண்டி மாதிரி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. இன்னொரு ஸீட்டின் கதவைத் திறந்துவிட்டு ஒகாமோட்டோவைப் பார்த்தாள். அவர் தரகரைத் தேடவில்லை. கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி உள்ளே குதித்து உட்கார்ந்தார். கார் வடக்கே கொஞ்சம் நகர்ந்தது. மூன்று பழங்கள் சட் சட் சட்டென்று நசுங்கின. பின்சக்கரத்துப் பழம் ஒன்று மட்டும் நழுவிச் சந்தில் உருண்டோடியது. ஊதுபத்தி ஒரே மூச்சில் எரிந்து முடிந்தது. பூனைக்குட்டி பானெட்டிலிருந்து தாவியது. தரையைத் தொடும்போது கொழுத்த கடுவன்.

கிழக்கே சந்து காலியாக இருந்தது. ஹம்சா வளைத்துக் கச்சேரி ரோட்டில் ஏற்றினாள். பின்னால் சாய்நாத்தின் குரலும் அச்யுத்தின் குரலும் ஒரே சுருதியில் கேட்டன. கஸ்தூரிரங்கன் ஒரு ஆட்டோவில் தாவி ஏறித் துரத்திக்கொண்டு வந்தார். ஏழு வருஷமும் ஒரேயடியாக இறங்கவில்லை. மரியாதை தெரிந்த விருந்தாளிகள் மாதிரி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ரோட்டு முனையில் ஒரு ஆட்டோக்காரர் உரசிக்கொண்டு போய்க் காரில் முதல் கோடு போட்டார். நாலு வீடு மூன்றானது. சாந்தோம் சர்ச்சைத் தாண்டும்போது மல்லிகை உதிர்ந்தது, இரண்டு வீடு. லைட் ஹவுஸ் அருகில் வெள்ளை பெயிண்ட் லேசாக மங்கியது, ஒரு வீடு. அங்கேதான் ஹம்சாவின் முன்நெற்றியில் ஒரு முடி வெளுத்தது. கண்ணாடியில் அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். காந்தி சிலையைத் தாண்டும்போது கஸ்தூரிரங்கனின் கணக்கில் ஒரு சமையலறையும் கொல்லையும்தான் மிச்சம். அதற்கப்புறம் அவர் கணக்கை விட்டுவிட்டு, சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார். வலது பக்கம் கடல் கூடவே வந்தது. என்ஜின் தம்புரா மாதிரி ஒரே சீராக இசைத்தது. ஒகாமோட்டோ அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தச் சத்தம்தான், இந்தச் சத்தம்தான் என்றார். ஹம்சா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

மத்தியானம் வீடு திரும்பியபோது அண்ணனும் தம்பியும் வாசலில் நின்றார்கள். சாய்நாத் கேட்டான், வடக்கே கொஞ்சம் என்றால் மெரினா வரைக்குமா? கொஞ்சம் என்பதற்கு சாஸ்திரத்தில் அளவு சொல்லியிருக்கிறதா என்று அச்யுத் திருப்பிக் கேட்டார். விவாதம் தொடங்கிவிட்டது, ஆகவே கோபம் போய்விட்டது. சாயங்காலம் அச்யுத் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து லைட் ஹவுஸ் வரை போய்வந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சாய்நாத் போனான். ஃப்ளாட் வாங்கவில்லை. ஒகாமோட்டோ ஒசாகாவுக்குத் திரும்பிப் போய்க் கிடங்கைத் திறந்துவிட்டார், வாரம் ஒரு காராக விலையைக் குறைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார் என்று கஸ்தூரிரங்கன் பெருமூச்சு விட்டார். காஸ்மோவில் ஹம்சா வகுப்புக்குப் போனாள், சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனாள், சந்தில் ஏறாதவர் இல்லை என்று ஆகும் வரை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போனாள். வண்டி வருஷத்துக்கு ஒரு வருஷம் வீதம் ஒழுங்காகப் பழசானது.

உருண்டோடிய நாலாவது பழம் அன்றைக்கு முத்தம்மாவின் கூடையில் போய் முட்டி நின்றிருந்தது. அவள் அதை எடுத்து மீனுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். ஐஸ் வாங்கவே இல்லை. அடுத்த பொங்கலுக்கும் பழம் பச்சையாக இருந்தது, சங்கரா மீன் சாயங்காலமும் கண் தெளிவாகப் பார்த்தது. இதைக் கேள்விப்பட்டுக் கஸ்தூரிரங்கன் தி. நகரிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று ஆரம்பித்தார். முத்தம்மா அவரைப் பேசவிட்டுவிட்டு மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

"சங்கரா அறுவது, கெழங்கா நாப்பது. பழம் வெலைக்கி இல்ல நைனா, அது வேலையில கீது."

அப்போது சந்து முனையில் காஸ்மோ ஹாரன் அடித்தது. கஸ்தூரிரங்கன் செருப்பை எடுத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கினார். முத்தம்மா கூடையைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி வழி விட்டாள்.